சுதேசி இயங்குதளம்: காவல் விதிகளை எழுதுவது யார்?

புதுதில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி முடங்கின. வெளிநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தும் பல நாள்களுக்குக் காகிதத்துக்குத் திரும்பின. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் எழுத்துபூர்வமாகப் பதிலளித்தார். ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டன என்று அதில் தெரிவிக்கப்பட்டது. காரணமாகக் கூறப்பட்டது, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படவில்லை என்பதே. அதாவது, ஓர் அறைக்குள் புகுந்தவன் அடுத்தடுத்த அறைகளுக்கும் செல்ல முடிந்தது, இடையில் கதவில்லை.

ஒன்பது மாதங்கள் கழித்து, 2023 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சகம் இணையத்துடன் இணைந்த தனது கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக 'மாயா' என்ற இயங்குதளத்தை நிறுவப் போவதாகச் செய்திகள் வெளியாயின. சவுத் பிளாக்கில் தொடங்கும் என்று கூறப்பட்ட அந்த மாற்றம் தலைப்புச் செய்தியாயிற்று. மாயா, உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் சென்னை ஐஐடியில் உருவான 'பார்ஓஎஸ்' என்ற கைப்பேசி இயங்குதளத்தை மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் தில்லியில் சோதித்துப் பார்த்தனர். அதன் அடிப்படை ஆண்ட்ராய்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-இல் வெளியான 'பாஸ்' லினக்ஸ். அதன் அடிப்படை டெபியன்.

மூன்றுமே சுதேசி என்று அறிமுகப்படுத்தப்பட்டவை. மூன்றின் அடித்தளமும் வேறு எங்கோ எழுதப்படுவது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. திறமூல மென்பொருளின் இயல்பே அதுதான். ஆனால், ஒரு கணினிக்குள்ளேயே அறைகளைப் பிரித்துக் கதவு போடும் விதிகளை எழுதுவது யார், அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது யார் என்ற கேள்வி, அறிமுக விழாக்களில் எழுப்பப்படுவதில்லை.

மாடத்துச் சீட்டும் மைய மண்டபமும்

நாடாளுமன்ற வளாகத்துக்கு வருவோர் அறிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. பார்வையாளர் சீட்டு வைத்திருப்பவர் மாடம் வரை செல்லலாம். அவைக்குள் இறங்க முடியாது. செய்தியாளர் சீட்டுக்கு வேறு வழி. 2023 டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவைக்குள் குதித்த இருவரும் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள் அல்லர். செல்லத்தக்க பார்வையாளர் சீட்டுடன் வந்தவர்கள். வாசலில் சோதித்து அனுப்புவது ஒரு காவல்; உள்ளே வந்தபின் இன்ன இடம் வரைதான் என்று நிறுத்துவது வேறொரு காவல்.

கணினியிலும் இவ்விரண்டும் வேறு வேறானவை. கடவுச்சொல், தீயரண் போன்றவை வாசல் காவல். யுனிக்ஸ் மரபில் வந்த பழைய ஏற்பாட்டின்படி, 'ரூட்' எனப்படும் தலைமை அதிகாரத்துடன் ஓடும் ஒரு நிரல் உள்ளே எங்கும் செல்லலாம். அச்சுப்பொறிக்கான நிரலோ, இணையதளத்தை நடத்தும் நிரலோ ஒன்று வஞ்சகரின் கைக்குப் போய்விட்டால் முழு இயந்திரமும் போய்விடும். இதைத் தடுக்கவே, தலைமை அதிகாரம் பெற்ற நிரலையும் கட்டுப்படுத்தும் இரண்டாவது காவல் வந்தது. லினக்ஸில் அதற்கு இரு முக்கிய வடிவங்கள்: எஸ்.இ.லினக்ஸ், ஆப்ஆர்மர்.

எஸ்.இ.லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. எந்தச் சீட்டு உடைய நிரல் எந்தச் சீட்டு உடைய கோப்பைப் படிக்கலாம், எழுதலாம் என்பதெல்லாம் விதிகளாக எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாதது அனைத்தும் தடை. ஆப்ஆர்மர் இதைவிட எளியது. நிரல் இருக்கும் பாதையை வைத்து அதை அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கொள்கைக் கோப்பு, அதில் அந்த நிரல் தொடக்கூடிய இடங்களின் பட்டியல்.

எஸ்.இ.லினக்ஸை உருவாக்கி 2000 டிசம்பரில் பொதுவெளியில் வைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. 2003-இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. எட்வர்ட் ஸ்நோடென் அந்த முகமையின் ஒட்டுக்கேட்பை 2013-இல் உலகுக்கு அம்பலப்படுத்திய அதே ஆண்டில்தான் ஆண்ட்ராய்டு 4.3 வழியாக எஸ்.இ.லினக்ஸ் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழுமையாக அமலாகிறது. இந்தியரின் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைக் காப்பவற்றுள் ஒன்று, அமெரிக்க உளவு முகமை வடித்த முறை! மூலநிரல் அனைவரும் படிக்கத் திறந்திருப்பதால் அது நம்பப்படுகிறது. ஆகவே, பிறந்த நாடு எது என்பதைவிட, படித்துப் பார்த்துத் திருத்துவோர் யார் என்பதே இங்கு முக்கியம்.

விதி எழுதுவது எளிது, காப்பது கடினம்

கெர்னலில் இருப்பது விதிகளை அமல்படுத்தும் பொறி மட்டுமே. விதிகளை எழுதி, பொதியாகக் கட்டி, ஒவ்வொரு மென்பொருள் மாறும்போதும் திருத்தி அனுப்ப வேண்டியது லினக்ஸ் வழங்கல்களின் பொறுப்பு. ஃபெடோரா, டெபியன், உபுண்டு, சூசே ஆகியவை அத்தகைய வழங்கல்கள். இந்த வேலை எவ்வளவு இடர் மிகுந்தது என்பது ஃபெடோரா 2004-இலேயே கற்ற பாடம். அவ்வாண்டு வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் எஸ்.இ.லினக்ஸ் சேர்க்கப்பட்டது. எல்லா நிரல்களையும் கட்டுப்படுத்திய கடுமையான விதிகளால் அன்றாட வேலைகளே தடைபட்டன. எனவே, சேர்த்தும் அதை அணைத்தே வெளியிட வேண்டியதாயிற்று. ஆறு மாதங்களில் வந்த மூன்றாம் பதிப்பில், வலையமைப்புக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் சில சேவைகளை மட்டும் குறிவைத்துக் கட்டுப்படுத்தும் கொள்கை எழுதப்பட்டது. நிலைத்தது அதுவே.

டெபியனுக்கு நேர்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2015 ஏப்ரலில் டெபியன் 8 வெளியானபோது எஸ்.இ.லினக்ஸ் பொறி கெர்னலில் இருந்தது; அதை இயக்கும் கருவிகளும் இருந்தன. வழக்கமான கொள்கைப் பொதி மட்டும் இல்லை. வெளியீட்டுக்குரிய நிலையில் குறித்த காலத்தில் அது ஆயத்தமாகவில்லை. கணினியைத் தொடக்கி நடத்தும் அடிப்படை ஏற்பாடே 'சிஸ்டம்டி' என்ற புதிய முறைக்கு மாறிய வெளியீடும் அதுதான். காவல் நிலையம் கட்டப்பட்டது, ஆனால் காவலர் நியமிக்கப்படவில்லை என்று சொல்லத்தக்க நிலை. 2017 ஜூனில் டெபியன் 9 வரும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த இடம் காலியாகவே இருந்தது. உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களையும், தன்னிலிருந்து கிளைத்த பல வழங்கல்களையும் தாங்கி நிற்கும் டெபியனிலேயே, ஒரு பொதியைப் பராமரிக்கக் கைகள் போதாமல் போனால் விளைவு இதுதான்.

பின்னர் டெபியன் ஆப்ஆர்மர் பக்கம் சாய்ந்தது. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10 முதல் அது இயல்பாகவே இயங்கும் நிலையில் தரப்படுகிறது. எனினும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலுக்கான கொள்கைக் கோப்பு அணைக்கப்பட்ட நிலையிலேயே வைக்கப்பட்டது. மின்னஞ்சலுடன் வரும் இணைப்புகளைத் திறப்பதும், அதிலுள்ள சுட்டியை அழுத்தி வேறு நிரலுக்குச் செல்வதும் அந்த விதிகளால் தடைபட்டதே காரணம். அலுவலகங்களுக்குள் தாக்குதல் நுழையும் முதன்மையான வழிகளுள் ஒன்று மின்னஞ்சல் இணைப்பு. கட்டுப்படுத்த வேண்டிய இடமும் அதுவே. கட்டுப்படுத்தினால் வேலை நின்றுபோகும் இடமும் அதுவே. இதற்கு எளிய தீர்வு ஏதும் இதுவரை கிடைத்துவிடவில்லை.

ஒரே வழங்கலுக்குள்ளேயே பொதி கட்டுவதில் சிறு வேறுபாடு இருந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு 2019 பிப்ரவரி 11-ஆம் தேதி வெளியான எச்சரிக்கை சான்று. கன்டெய்னர்களை இயக்கும் 'ரன்சி' என்ற நிரலில் இருந்த ஓட்டையால், கன்டெய்னருக்குள் அடைக்கப்பட்ட தீய நிரல் வெளியே வந்து முழு இயந்திரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆப்ஆர்மரின் இயல்பான கொள்கை இதைத் தடுக்கவில்லை. ஃபெடோராவில் டாக்கர், பாட்மேன் ஆகிய பொதிகளைப் பயன்படுத்தியோரை எஸ்.இ.லினக்ஸ் காப்பாற்றியது. அதே ஃபெடோராவில் மோபி-எஞ்சின் என்ற பொதியைப் பயன்படுத்தியோருக்கு அந்தக் காப்பு இல்லை. அந்தப் பொதியில் மட்டும், கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் கைதிக்குரிய பெயர்ச்சீட்டுக்குப் பதிலாகச் சிறை அதிகாரிக்குரிய பெயர்ச்சீட்டைப் பெற்றிருந்தது. கெர்னலும் கொள்கையும் ஒன்றே. சீட்டு மாறியது, காவல் போயிற்று.

பெயர் மாற்றினால் போதுமா?

ஒரு வழங்கலை எடுத்து, பெயரும் முகப்பும் மாற்றி, சில நிரல்களைச் சேர்த்து, சிலவற்றை நீக்கி, புதிய வழங்கலாகத் தருவோர் கவனிக்க வேண்டியது இங்கேதான் வருகிறது. ஆப்ஆர்மர் ஒரு நிரலைப் பாதையால் அறிகிறது என்று மேலே கண்டோம். நிரலை வேறு இடத்தில் வைத்தாலோ வேறு பெயரில் நிறுவினாலோ அதற்கான கொள்கைக் கோப்பு அதனுடன் பொருந்தாது. பிழைச் செய்தி ஏதும் திரையில் தோன்றாது. நிரல் முன்போலவே ஓடும். எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். கட்டுப்பாடு மட்டும் இருக்காது. புதிதாகச் சேர்க்கப்பட்ட உள்நாட்டு நிரலுக்கோ, எவரும் எழுதித் தந்தாலன்றிக் கொள்கைக் கோப்பே கிடையாது.

அலுவலகங்களில் நடப்பது இன்னொரு வகை. உபுண்டுவில் மைசீக்வல் தரவுத்தள நிரலுக்கு ஒரு கொள்கைக் கோப்பு உண்டு. தரவுகள் வழக்கமாக இருக்கும் கோப்பகத்தை மட்டுமே அது அனுமதிக்கும். வட்டு நிரம்பிவிட்டதென்று நிர்வாகி தரவுகளைப் பெரிய வட்டுக்கு மாற்றினால் தரவுத்தளம் எழ மறுக்கும். கொள்கைக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. ஆனால், வரிசையில் மக்கள் காத்து நிற்க, மேலதிகாரி தொலைபேசியில் விரட்ட, நிர்வாகி செய்வது பெரும்பாலும் வேறு: அந்தக் காவலையே அணைத்துவிடுவது. எஸ்.இ.லினக்ஸில் இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். அணைத்ததை மறுபடி இயக்க எவருக்கும் நினைவு வருவதில்லை.

தடுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் பதிவேட்டில் ஏறும் என்பது இந்தக் காவலின் இன்னொரு பயன். விதிகளை அமல்படுத்தாமல் பதிவு மட்டும் செய்யும் நிலையும் எஸ்.இ.லினக்ஸில் உண்டு, முழுவதுமாக அணைத்துவிட்டால் அந்தப் பதிவும் இராது. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எழுதப்படாத பதிவை 180 நாள்கள் வைத்திருப்பது எங்ஙனம்?

கொள்கைக் கோப்பைத் திருத்தியவருக்கும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. டெபியன் மரபில், நிர்வாகி கை வைத்த அமைப்புக் கோப்பை மேம்படுத்தலின்போது இயந்திரம் தானாக மாற்றாது. பழையதா புதியதா என்று கேட்கும். கேட்கப்படாமல் ஓடும் தானியங்கி மேம்படுத்தலில் பழையதே நிலைத்துவிடக்கூடும். மூல வழங்கலில் ஓட்டை அடைக்கப்பட்டு, திருத்திய விதி வந்து சேர்ந்தபின்னும், அந்தக் கணினி மட்டும் பழைய விதியுடன் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளூர் மாற்றங்களைத் தனிக் கோப்பகத்தில் எழுத வேண்டும் என்ற ஏற்பாடு இதற்காகவே உள்ளது. பயிற்சி இல்லாதவருக்கு அது தெரிய வழியில்லை.

விதிகளே ஓட்டையாவதும் உண்டு. சாதாரணப் பயனர் தனக்கெனத் தனி 'பெயர்வெளி' அமைத்துக்கொள்ளும் வசதி, கெர்னல் ஓட்டைகளைப் பயன்படுத்த வழி தருகிறது என்பதால், உபுண்டு 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்பில் அதை ஆப்ஆர்மர் மூலம் இயல்பாகவே கட்டுப்படுத்தியது. அந்த வசதி உண்மையாகவே தேவைப்படும் நிரல்களுக்குத் தனித்தனி கொள்கைக் கோப்புகள் சேர்க்கப்பட்டன. 2025 மார்ச்சில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இக்கட்டுப்பாட்டைத் தாண்டிச் செல்லும் மூன்று வழிகளை வெளியிட்டனர். அவற்றுள் இரண்டு, பிஸிபாக்ஸ், நாட்டிலஸ் ஆகிய நிரல்களுக்குத் தரப்பட்டிருந்த தாராளமான கோப்புகளின் வழியே சென்றவை. சலுகை பெற்ற நிரலின் தோளில் ஏறி எவரும் மதில் தாண்டலாம் என்ற நிலை. அவ்விரு கோப்புகளையும் தேவையில்லாத இடங்களில் அணைத்துவிடுமாறு நிர்வாகிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

கைவிட்டவரும் கைக்கொண்டவரும்

இந்தக் கோப்புகளைப் பராமரிக்கும் பணி நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்கைப் பொறுத்து நிற்பது. ஆப்ஆர்மரை உருவாக்கிய இம்யூனிக்ஸ் நிறுவனத்தை, அப்போது சூசே லினக்ஸின் உரிமையாளராக இருந்த நோவெல் 2005-இல் வாங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2007-இல், அந்தக் குழுவினரை வேலையிலிருந்து நீக்கியது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அதுதான். பின்னர் உபுண்டுவை நடத்தும் கெனானிக்கல் நிறுவனம் ஆப்ஆர்மரைக் கைக்கொண்டது. 2010-இல் அது கெர்னலுடன் இணைந்தது. இப்போது சூசே குடும்பமே எஸ்.இ.லினக்ஸுக்கு மாறிவிட்டது: 2025 பிப்ரவரி முதல் ஓப்பன்சூசே டம்பிள்வீடின் புதிய நிறுவல்களிலும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த லீப் 16 பதிப்பிலும் அதுவே இயல்பு. அவற்றைப் பின்பற்றுவோர் இத்தனை ஆண்டுகளாக எழுதி வைத்த ஆப்ஆர்மர் விதிகளை வேறொரு மொழியில் மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. திறமூல மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் 2005-இல் தொடங்கப்பட்டது. சென்னை சி-டாக்கும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. பாஸ் லினக்ஸ் அம்முயற்சியின் விளைவு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. கேரளத்தின் பள்ளிகள் உபுண்டு அடிப்படையிலான தங்கள் சொந்த வழங்கலைப் பயன்படுத்துகின்றன. மத்திய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கையோ, ஒப்பந்தப்புள்ளிகளில் திறமூல மென்பொருளைப் பரிசீலிப்பதைக் கட்டாயமாக்கியது. அதை விலக்குவோர் காரணம் கூற வேண்டும் என்றது.

ஆனால் ஒப்பந்தப்புள்ளி என்பது வாங்கும் நாளோடு முடிவது. எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டது என்று எண்ணிச் சொல்லலாம். அமைச்சர் பதிலில் அட்டவணையாக இணைக்கலாம். மாதந்தோறும் தடுப்புப் பதிவுகளைப் படித்து, எது தாக்குதல், எது தவறான விதி என்று பிரித்தறிந்து, விதியைத் திருத்தி, சோதித்து, பொதியாகக் கட்டி அனுப்பும் பொறியாளரின் வேலையை அப்படி எண்ணிக் காட்ட முடியாது. எண்ண முடியாத வேலைக்கு அரசுக் கணக்கில் தலைப்பு கிடைப்பது அரிது. டெபியன் 13 பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. அதைப் பின்பற்றும் ஒவ்வொரு வழங்கலும் தன் மாற்றங்களைப் புதிய அடித்தளத்தின்மேல் மறுபடி சோதித்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்ப வருகிறது.

நாடாளுமன்றத்தில் சுதேசி இயங்குதளம் குறித்த வினாக்கள் பெரும்பாலும் எத்தனை, எவ்வளவு, எப்போது என்ற அளவில் அமைகின்றன. நட்சத்திரக் குறியிட்ட வினா ஒன்றில் வேறு சில உட்பிரிவுகளுக்கும் இடமுண்டு. அரசுத் துறைகளின் லினக்ஸ் கணினிகளில் எத்தனையில் இந்த இரண்டாவது காவல் அமலில் உள்ளது, எத்தனையில் அணைக்கப்பட்டுள்ளது? உள்நாட்டில் சேர்க்கப்பட்ட நிரல்களில் எவற்றுக்குக் கொள்கைக் கோப்பு எழுதப்பட்டுள்ளது? மூல வழங்கலில் வெளியாகும் திருத்தம் மாயாவுக்கும் பாஸுக்கும் எத்தனை நாள்களில் வந்து சேர்கிறது? இந்தியக் குழுக்கள் எழுதிய திருத்தங்களில் எத்தனை டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் திருப்பி அனுப்பப்பட்டு ஏற்கப்பட்டன? இந்தப் பணிக்கென நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை?